காலையில் ஏழு முறை தும்முகிறவருக்கு

மூத்த குடிமகள். தனியாகப் பயணம் செய்பவர். நடக்க இயலாதவர். படி ஏற, இறங்க இயலாதவர். வேற்று மொழி அறியாதவர். சக்கர நாற்காலியும், விமானத்தின் வாசல்வரை வழித்துணையும் அவசியம்.

விமான நிறுவனத்தின் கணினியில் கழுகக்காவைப் பற்றி இப்படித்தான் பதிவாகியிருந்தது. பதிவு செய்தவர் அவருடைய தம்பி. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பெரியவர்களை முதல்முறையாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் நம்மில் பலரும் செய்கிற காரியம்தான். கால் நன்றாக இருந்தாலும் நாற்காலி சொல்லிவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், வழி தவறவும் வழியில்லை, எந்தக் கதவில் சேர்க்க வேண்டுமோ அந்தக் கதவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள், பார்சல் மாதிரி.

பார்சல்களைப் பற்றி கழுகக்காவுக்கு நிறையத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். குடியிருந்தது குவார்ட்டர்ஸின் நான்காவது மாடியில். அங்கே லிஃப்ட் என்று எழுதிய கதவு ஒன்று இருந்தது, லிஃப்ட் இல்லை. அறுபது வயதில் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்து, மூச்சு வாங்காமல் மேல்வீட்டுக்காரியோடு சண்டை போடக்கூடியவர்.

நாற்காலி தள்ள வந்தவருக்கு மூட்டுவலி. பாதி வழியிலேயே அவர் நடை சாயத் தொடங்கியது. கழுகக்கா இறங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க தம்பி."

"ஐயோ மேடம், யாராவது பாத்தா என் வேலை போயிடும்."

"கண்ணை மூடிக்கங்க. யார் பாத்தாலும் நீங்கதான் நோயாளின்னு நெனைச்சுப்பாங்க."

அவர் மடியில் தன் கைப்பையையும் வைத்து, நீளமான அந்த வழுவழுப்புத் தரையில் கழுகக்கா வண்டியை விட்ட வேகத்தில், சட்டப்படி நடக்க இயலாத பயணி எல்லோருக்கும் முன்னால் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர். கழுகக்காவின் பயணம் தொடங்கியது இப்படி.

கழுகக்கா என்பது வேலையில் வைத்த பெயர். எந்தக் கிறுக்கலையும், தலைகீழாகப் பிடித்தாலும், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிடுவார் என்பதால் கழுகு. மருத்துவர்கள் எழுதியது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதியது, மழையில் கரைந்தது எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். "பெரிய மீசை, பஸ் ஸ்டாண்டு" என்று மட்டும் எழுதிய உறையை, அது போய்ச் சேர வேண்டிய மீசைக்கே சேர்த்திருக்கிறார். கதவு எண், தெரு, வட்டம், மாவட்டம் எல்லாம் சுத்தமாக எழுதிய உறைகள் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறார். ஆக, ஒரு மனிதர் ஓர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்பதை நகராட்சி முடிவு செய்வதில்லை, தபால்காரர்தான் முடிவு செய்கிறார் என்பது அவருடைய தீர்மானமான கொள்கை.

கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அது முகவரி தப்பிப் போன கடிதம்போல மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தம் வேறொன்றில் இருந்தது. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, தம்பி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஓய்வூதிய அலுவலகம் பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதம் ஒன்று சுற்றிவிட்டுக் கைக்கு வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில், அவருடைய சொந்த அலுவலகத்தின் முத்திரை: அப்படி யாரும் இல்லை. இருபத்தேழு வருடம் குடியிருந்த வீடு. முத்திரையைக் குத்திய கை யாருடையது என்பதுகூட, அது சாய்ந்திருந்த சாய்விலிருந்து அவருக்குத் தெரிந்தது.

தம்பி வீட்டில் அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதில் ஏற்கெனவே துணி இஸ்திரி போடும் பலகை, இரண்டாவது ஃபிரிட்ஜ், உடற்பயிற்சி சைக்கிள் ஆகியோர் குடியிருந்தார்கள்.

"இது உன் ரூம்தாங்கா," என்றார் தம்பி. "சைக்கிளை மட்டும் இங்கயே வெச்சுக்கறோம்."

"எங்கயும் போகாத சைக்கிள்கூட என்னையும் சேத்து வெச்சிருக்கியேடா."

"என்னக்கா இப்படிச் சொல்ற? உனக்கு இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. ஃபிரிட்ஜுக்கும் இல்லை."

மறுவாரமே கழுகக்கா அறிவித்தார். தன் ஊர் எது என்று தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார். உள்நாட்டில் தேட மாட்டார், ஏனென்றால் வேலையின் கடைசிப் பத்து வருடம் வெளிநாட்டுத் தபால் மேசையில் உட்கார்ந்து, உலகத்தின் எல்லா ஊர் முத்திரைகளையும் பார்த்துவிட்டு, ஓர் ஊரையும் பார்க்காமல் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வூதியக்காரர்களை வாருங்கள், இருங்கள் என்று அழைக்கிற நாடுகளாக ஐந்து. மொத்தம் பதினொரு மாதம்.

தம்பி இன்சூரன்ஸ்காரர். எதற்கும் ஒரு நிபந்தனை போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கினார். எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் ஏறலாம், தேதி மட்டும் மாறாது. அந்தத் தேதிக்குள் ஊர் அகப்படவில்லை என்றால், கழுகக்கா வாயை மூடிக்கொண்டு வந்து, சைக்கிளோடு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். கழுகக்கா ஒப்புக்கொண்டார். கையெழுத்துகூடப் போட்டுக் கொடுத்தார்.

ஊர் தேடுகிறவர்கள் சாதாரணமாகத் தட்பவெப்பம் பார்ப்பார்கள், வாடகை பார்ப்பார்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழுகக்கா தனக்குத்தானே கடிதம் போட்டார்.

முறை இதுதான். போய் இறங்கியதும் முழு முகவரி எழுதி ஒரு கடிதம். அது வந்தால், கதவு எண் இல்லாமல் இரண்டாவது. அதுவும் வந்தால், தெருப் பெயரும் இல்லாமல் மூன்றாவது. கடைசியாக நான்காவது: அதில் பெயரும் இருக்காது, முகவரியும் இருக்காது, ஆளைப் பற்றி ஒரு வரி மட்டும் இருக்கும். நான்காவது கடிதம் எந்த ஊரில் வந்து சேருகிறதோ அதுதான் தன் ஊர். உள்ளே எழுத விஷயம் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: "வந்துட்டியா?"

வராத கடிதங்கள் வீணாகிவிடக் கூடாது என்று உறையின் பின்பக்கம், அனுப்புநர் என்ற இடத்தில், தம்பி வீட்டு முகவரியை எழுதினார். அனுப்புநர் இல்லாத உறை அநாதை என்று முப்பத்து மூன்று வருடம் எல்லோரையும் திட்டியவர் வேறெப்படி எழுதுவார்?

முதல் ஊரில் கடல் இருந்தது. அறைக்கு இரண்டு ஜன்னல், இரண்டிலும் கடல். கழுகக்கா முதல் நாள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி ஓடிப் பார்த்தார், இரண்டும் ஒரே கடல்தானா என்று. முழு முகவரி எழுதிய முதல் கடிதம் ஒன்பது நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாவது ஊரில் எல்லாம் இயந்திரம். தெருவைக் கழுவுவது இயந்திரம், தபால் பிரிப்பதும் இயந்திரம். கதவு எண் இல்லாத கடிதம், அழகாக அச்சடித்த ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டு, ஆறே நாளில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்பாமல் மேலும் இருபது போட்டார், இருபதும் அப்படியே போயின. வேகத்தைப் பாராட்டினார். ஆனால் அங்கே இருக்கவில்லை.

மூன்றாவது ஊரில் மூன்றாவது கடிதம்வரை வந்துவிட்டது. கழுகக்கா துள்ளிக் குதிக்கப் போன நேரத்தில், உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தார்.

"யாரும்மா அது, வந்துட்டியா வந்துட்டியான்னு மூணு தடவை கேட்டுட்டாங்க?" என்றார் தமிழரான வீட்டுக்கார அம்மா, மிகுந்த அக்கறையோடு. "பாவம், ஒரு பதில் போடக் கூடாதா?"

நான்காவது ஊரில் அவர் இருந்த எட்டு வாரமும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம். கடிதம் போடவே முடியவில்லை. தேர்வு நடக்காத ஊருக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஆனால் அந்த எட்டு வாரமும் அவர் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. ஊர்வலத்தின் இரண்டாவது வரிசையில், பொருள் பாதி புரிந்த ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தினார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. சக்கர நாற்காலி தேவைப்படும் பயணி அதில் இரும்பு வேலியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாவது ஊர் ஒரு மேட்டில் இருந்தது. பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் அறை, இருபத்திரண்டு படி. பேக்கரிக்காரர் விடியற்காலையில் மாவு மூட்டையைப் பிரிப்பார். தூசி மேலே வரும். கழுகக்கா ஆறரை மணிக்கு ஜன்னலைத் திறந்து தும்முவார். சரியாக ஏழு தும்மல். ஒன்று குறைந்ததில்லை, எட்டாவது வந்ததாக வரலாறும் இல்லை. அவை சாதாரணத் தும்மல்களும் அல்ல. எதிர் வீட்டுப் பூனை இரண்டாவதுக்கே இடத்தைக் காலி செய்துவிடும்.

"ஏழு ஆச்சு, கடையைத் திறக்கலாம்," என்பார் பேக்கரிக்காரர் கீழேயிருந்து.

"உங்க மாவைச் சலிச்சா என்ன? என் மூக்குலதான் சலிக்கணுமா?"

"வாடகையிலயே தும்மலும் சேத்திதாம்மா."

அங்கே எல்லோரும் பேசியது வேறு மொழி. கழுகக்கா அதில் பாதியைக் கற்றுக்கொண்டு மீதியைக் கையால் பேசினார். ஆனால் தம்பியிடம் போனில் சொல்லும்போது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் நம் வீட்டு மனிதர்களைப் போலவே பேசினார்கள். அப்படியே எழுதிவிடுவதுதான் வசதி.

முதல் கடிதம் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது ஒரு நாள் தாமதமாக, ஓரத்தில் ஜாம் கறையோடு வந்தது. அந்த வாரம்தான் தம்பியின் மனைவி போனை வாங்கிப் பேசினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போட்டு நீங்க வாங்காத லெட்டர் இங்க ஒரு ஷூ டப்பா நிறைய இருக்கு. போஸ்ட்மேன் என்னைப் பாத்தாலே சிரிக்கிறார். உங்க நாத்தனாருக்கு வேற யாரும் லெட்டர் போட மாட்டாங்களான்னு கேக்குறார். பின்னாடி எங்க அட்ரஸைப் போடாதீங்களேன்."

"சரிம்மா, போடல."

நான்காவது கடிதத்தின் முன்பக்கம் கழுகக்கா எழுதியது இரண்டே வரி. காலையில் ஏழு முறை தும்முகிறவருக்கு. இந்த ஊர்.

மூன்றாம் நாள் அது வந்தது. படியின் அடியில், தபால் பெட்டிக்குள், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கழுகக்கா இருபத்திரண்டு படியையும் மேலே ஓடி, எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் மறுபடி கீழே ஓடினார். பேக்கரிக்காரரைக் கட்டிக்கொண்டார். அவர் மேலெல்லாம் மாவு, இப்போது இவர் மேலும் மாவு, அதனால் நேரம் கெட்ட நேரத்தில் இன்னொரு ஏழு. தெருவில் போன ஆட்களையெல்லாம் நிறுத்தி உறையைக் காட்டினார். அவர்கள் பயந்து வாழ்த்தினார்கள். அப்புறம் தம்பியை வீடியோவில் கூப்பிட்டார்.

"கெடைச்சிருச்சுடா! ஊர் கெடைச்சிருச்சு! டிக்கெட்டை கேன்சல் பண்ணு, ரூமை ஃபிரிட்ஜுக்கே எழுதி வெச்சிரு!"

"எங்கக்கா, காட்டு."

கழுகக்கா உறையைக் கேமராவுக்கு முன்னால் பெருமையாகப் பிடித்தார். முன்பக்கம் காட்டினார், ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார், மறுபடி காட்டினார். தம்பி இன்சூரன்ஸ்காரர் என்று சொன்னேன். எந்தக் காகிதத்திலும் முதலில் பின்பக்கத்தைப் படிப்பது அவர் பிழைப்பு.

"அக்கா, அதைத் திருப்பு. பின்னாடி என்ன எழுதியிருக்கு?"

திருப்பினார். அனுப்புநர் என்ற இடத்தில், கழுகக்காவின் முத்தான கையெழுத்தில், கதவு எண், பேக்கரி மாடி, தெரு, ஊர், அஞ்சல் எண், ஒன்று விடாமல் எழுதியிருந்தது. தம்பி முகவரியைப் போடாதே என்று சொன்னார்கள். போடவில்லை. ஆனால் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட அந்தக் கைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறது.

"அப்போ இது வந்த லெட்டரா, திரும்பி வந்த லெட்டரா?" என்றார் தம்பி, இளகிய குரலில்.

கழுகக்கா போனை வைத்துவிட்டு, தபால்காரரைத் தேடி மேட்டில் ஏறினார். அவர் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதை முன்பக்கம் பாத்துக் கொண்டுவந்தீங்களா, பின்பக்கம் பாத்துக் கொண்டுவந்தீங்களா?"

"வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்னம்மா?"

"இல்லைங்க, எந்தப் பக்கம்னு தெரிஞ்சாகணும்."

"ஒரு நாளைக்கு நானூறு லெட்டர். கையில எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம். ஏன், வேணாமா? திருப்பி எடுத்துட்டுப் போகட்டுமா?"

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். கடிதம் வந்தது, அறை பிடித்திருந்தது, ரொட்டி சூடாகக் கிடைத்தது. ஆனால் ஒரே அளவுகோலில் மூன்று ஊர்களைத் தோற்கடித்தவர், ஐந்தாவதை மட்டும் சலுகையில் எப்படித் தேற்றுவார்? டிக்கெட் தேதிக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது. அதே இரண்டு வரியை இன்னொரு உறையில் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவைப் பேக்கரிக்காரரிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க," என்றார். வெறும் முதுகோடு இருந்த அந்த அநாதையை, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டியில் போட்டார்.

மூன்று நாள் ஆயிற்று. ஐந்து நாள். ஒரு வாரம். கழுகக்கா ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்து தும்மத் தொடங்கினார். பத்தாம் நாள், பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் மாவு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சந்தையில், பேருந்து நிறுத்தத்தில், நூலகத்தில் என்று மூன்று இடத்தில் தும்மிக் காட்டினார். நூலகத்தில் வெளியே அனுப்பினார்கள். தேர்வு எழுதுகிற பிள்ளை விடைத்தாள் திருத்துகிறவர் வீட்டைச் சுற்றி நடப்பது போலத்தான் இது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

"அக்கா, டிக்கெட்டை வெச்சுக்கட்டுமா?" என்று தம்பி தினமும் கேட்டார்.

"வெச்சுக்க. இன்னும் நாள் இருக்கு."

பதினான்காம் நாள் தபால் அலுவலகத்துக்கே போனார். சின்ன அலுவலகம். ஒரு கவுண்டர், அதற்குப் பின்னால் சுவரை ஒட்டி நாற்பது அறைகள் கொண்ட மர அலமாரி, அறை ஒன்றுக்கு ஒரு தெரு. தரையில் ஒரு நீலக் கூடை, அதில் குப்பையாகக் கடிதங்கள். போஸ்ட் மாஸ்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓர் உறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"முகவரி சரியில்லாத லெட்டர் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் கழுகக்கா, யாருக்கோ கேட்பது போல.

"என்ன பண்றது? தபால் பிரிக்கிற நம்ம சார்ட்டர் கையை ஒடிச்சுக்கிட்டு பதினஞ்சு நாளா லீவு. கதவு நம்பர் இருந்தா பிரிச்சுடுவேன். இல்லாததெல்லாம் அந்தக் கூடைல. மாசம் ஒரு தரம் வண்டி வரும், வர்ற வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசுக்குப் போயிடும். அங்க கிழிச்சுப் போடுவாங்களோ என்னவோ."

"தபால்காரர் பாக்க மாட்டாரா?"

"கூடைக்குள்ள போனது அவர் கைக்கு எப்படிப் போகும்?"

கழுகக்காவின் விரல் நுனிகள் அரிக்கத் தொடங்கின. "நான் கொஞ்சம் பாக்கட்டுமா?"

"வெளியாளுங்க தொடக் கூடாதும்மா."

கழுகக்கா தொடவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அந்த அம்மா கையில் தலைகீழாகத் தெரிந்த உறையைப் பார்த்துச் சொன்னார், "அது எழுபத்தேழு இல்லைங்க, பதினொன்னு. இடது கைக்காரங்க எழுதினது. ஒன்னுக்குத் தொப்பி போடறாங்க பாருங்க. அதே தொப்பி அஞ்சல் எண்ணுலயும் இருக்கு."

போஸ்ட் மாஸ்டர் அம்மா உறையைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அப்புறம் கழுகக்காவைப் பார்த்தார்.

"எத்தனை வருஷம்?"

"முப்பத்து மூணு."

"உள்ள வாங்க. அந்தக் கதவைச் சாத்திடுங்க. நாற்காலி வேணுமா?"

"நாற்காலியா? ஐயோ, வேணாம். நின்னாதான் கை ஓடும்."

நான்கு நாள் நின்றார். அவர் கை ஓடியதைப் பார்த்து, தபால் தலை வாங்க வந்தவர்கள் வாங்கிய பின்னும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாதி மொழி தெரிந்தவர் முழு ஊரையும் படித்தார். பல் மருத்துவருக்கு எதிர் வீட்டுப் பெரியவருக்குத் தன் தெருப் பெயரை எழுதவே வராது என்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்கள், ஒருத்தி கடிதம் இன்னொருத்திக்குப் போனால் வம்பு என்பதும் தெரிந்தது. தெரியாததை ஜன்னல் வழியே தலையை நீட்டி, தெருவில் போகிறவர்களிடம் கேட்டார். கூடையில் பாதிக்குமேல் அறைகளுக்கு ஏறிவிட்டது.

"நீங்க யாருக்கும்மா லெட்டர் தேடி வந்தீங்க?" என்று போஸ்ட் மாஸ்டர் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கெடைக்கும்போது சொல்றேன்."

புதன்கிழமை மாலை, கூடையின் அடியில் கிடைத்தது. காலையில் ஏழு முறை தும்முகிறவருக்கு. இந்த ஊர். போஸ்ட் மாஸ்டர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதைப் பாருங்க! தும்முறவங்களாம்! இப்படியும் எழுதுவாங்களா? கூடையிலயே போடுங்க, வெள்ளிக்கிழமை போகட்டும்."

சனிக்கிழமை விமானம். உறை கழுகக்காவின் கையில் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பிரிக்கும் மேசையிலிருந்து எவரும் தன் கடிதத்தைத் தானே எடுக்கக் கூடாது. முன்பு ஒருமுறை சக ஊழியர் ஒருவர் தனக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக் கட்டிலிருந்து உருவியபோது, புகார் எழுதியது இதே கழுகக்காதான். கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்துதான் எழுதினார்.

அவர் உறையில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. பதினேழாவது அறையில், பேக்கரித் தெருவுக்கான மற்ற கடிதங்களுக்கு நடுவில் அதைச் செருகினார்.

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் போஸ்ட் மாஸ்டர் அம்மா.

"கேள்விப்பட்டிருக்கேன்."

வியாழக்கிழமை தபால்காரர் வந்தார். பேக்கரிக்காரரிடம் ஒரு பில்லைக் கொடுத்தார். மேலே ஜன்னலை ஒரு முறை பார்த்தார். போய்விட்டார்.

கழுகக்கா பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் திறந்து வைத்தார். துணிகளை மடித்து வைத்தார். தம்பி போனில் எதுவும் கேட்கவில்லை. "சைக்கிளை ஹாலுக்கு மாத்திட்டேங்கா," என்று மட்டும் சொன்னார். அதுதான் கழுகக்காவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. ஜன்னலைத் திறந்தார். கீழே, எட்டு மணிக்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் பார்த்திராத தபால்காரர், சீருடை போடாமல், வீட்டுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அந்த உறை. இன்னொரு கையின் விரல்களை மடக்கத் தயாராக நீட்டி வைத்திருந்தார்.

முதல் தும்மல் வந்தது. அவர் ஒரு விரலை மடக்கினார். பூனை ஓடியது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதுக்குக் கை நிறைந்துவிட்டது. உறையை வாயில் கவ்விக்கொண்டு மறுகையை எடுத்தார். ஆறு.

ஏழாவது வரவில்லை.

கழுகக்கா வாயைத் திறந்து, கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து நின்றார். மூக்கு வரை வந்தது, திரும்பிப் போனது. பதற்றத்தில் தும்மல் பயந்துவிட்டது போலிருக்கிறது. தபால்காரர் காத்திருந்தார். ஒரு கையையும் ஒரு விரலையும் பார்த்தார். நேர்மையான மனிதர். வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, உறையைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

அப்போது பேக்கரிக்காரர் கடைக்குள்ளிருந்து ஓடி வந்தார். கையில் காலி மாவு மூட்டை. தெரு நடுவில் நின்று, அதை இரண்டு கையாலும் பிடித்து, மாடியை நோக்கி ஓங்கி ஓர் உதறு உதறினார். வெள்ளையாக ஒரு மேகம் எழும்பி ஜன்னலுக்குள் போனது.

ஏழாவது தும்மல் அந்தத் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது.

"ஏழு!" என்று கத்தினார் தபால்காரர். "அம்மா, நீங்கதான்! எனக்கு நேத்தே சந்தேகம். ஆனா எண்ணாம எப்படிக் கொடுக்கறது? இறங்கி வாங்க!"

"எட்டு!" என்றார் பேக்கரிக்காரர். எட்டாவதைத் தும்மியது அவர்தான்.

கழுகக்கா இருபத்திரண்டு படியையும் எட்டு எட்டில் இறங்கி, கடிதத்தை வாங்கி, தெருவிலேயே பிரித்துப் படித்தார். வந்துட்டியா என்று கேட்டிருந்தது.

தம்பி முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற தன் வழக்கத்தைக் கைவிடாமல் சொன்னார், "அக்கா, கூடையிலேர்ந்து எடுத்து வெச்சது நீயே. கடைசித் தும்மல் பேக்கரிக்காரர் போட்டது. இது பரீட்சையாக்கா? அப்பட்டமான காப்பி."

"ஏன்டா, பரீட்சை என்ன? இந்த ஊர் சார்ட்டருக்கு என்னைத் தெரியணும். தெரிஞ்சிருந்துச்சா இல்லையா?"

"சார்ட்டரே நீதானேக்கா!"

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

தம்பி சிரித்துவிட்டார். அவர் மனைவி பின்னாலிருந்து, "அண்ணி, அந்த ஷூ டப்பாவை அங்க அனுப்பி வைக்கட்டுமா? அட்ரஸ் என்ன எழுதணும்?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்ததில் போன் கொஞ்ச நேரம் பயன்படவில்லை.

அன்று மதியம் கழுகக்கா விமான நிறுவனத்துக்குப் போன் செய்து டிக்கெட்டை ரத்து செய்தார். தம்பி மறக்காமல் சேர்த்திருந்த சக்கர நாற்காலியையும் ரத்து செய்தார்.